தீர்ப்புக்கு முன்பே திருப்பி வாங்கப்பட்ட நாவல்: கல்விச் சபைக்கு ஒரு திறந்த மடல்

கல்விச் சபை உறுப்பினர்களுக்கும், எங்கள் பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் அதிபருக்கும், அப்பள்ளியின் பெற்றோர் பேரவைக்கும்,

நவம்பர் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை காலை, என் மகளின் பத்தாம் தர ஆங்கில வகுப்புக்கு உப அதிபர் ஒருவர் நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டியோடு வந்து, பிள்ளைகள் ஐந்து வாரங்களாக வாசித்துக்கொண்டிருந்த ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மொக்கிங்பேர்ட்' நாவலின் பிரதிகளை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். வகுப்பு அப்போது 15ஆம் அத்தியாயத்தை முடித்திருந்தது. இரவில் சிறைச்சாலை வாசலில் கூடிய கும்பல், ஸ்கவுட் என்ற சிறுமி அவர்களில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, உங்கள் மகன் என்னோடுதான் படிக்கிறான் என்று பேச்சுக் கொடுத்ததும் கலைந்து போகிறதே, அந்த இடம். அதற்கு அடுத்த அத்தியாயத்தில் ஊரே நீதிமன்றத்துக்குத் திரள்கிறது. வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட ரொம் றொபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளிக்கு என்ன தீர்ப்புக் கிடைத்தது என்பது தெரியாமலே, பிள்ளைகள் மறுநாள் வேறொரு பாடத்துக்கு மாற்றப்பட்டார்கள்.

நான்கு நாட்கள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. ஆங்கிலத்திலும் வந்தது, என்னைப் போன்ற பெற்றோருக்காகத் தமிழிலும் வந்தது. தமிழில் அறிவிக்கப்பட்ட முடிவுக்குத் தமிழிலேயே பதில் எழுதுகிறேன். இதன் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் 'தீங்கு' என்ற சொல் ஆறு இடங்களில் இருக்கிறது. 'நல்வாழ்வு' நான்கு இடங்களில் இருக்கிறது. 'கறுப்பின' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நாவலின் பெயர்கூட இல்லை; 'குறிப்பிட்ட நூல்' என்று மட்டும் இருக்கிறது. எந்தப் பக்கம், எந்தச் சொல், யாருக்கு என்ன தீங்கு என்பதற்கு ஒரு வரியும் இல்லாமல், 'சில குடும்பங்கள் தெரிவித்த கவலையை அடுத்து' என்பதோடு காரணம் முடிந்துவிடுகிறது. அந்தக் குடும்பங்கள் யார் என்று நான் கேட்கவில்லை. அவர்களுடைய கவலை என்ன என்று அறிய மற்றக் குடும்பங்களுக்கு உரிமை இல்லையா என்றே கேட்கிறேன்.

இந்த நாவல் ஒரு வகுப்பறையில் பிள்ளைகளைக் காயப்படுத்தக்கூடியது என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1995இல் கனடாவின் ஸ்காபரோவில் நானும் இதே நாவலைப் பத்தாம் தரத்தில் படித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆங்கிலம் இன்னும் என் வாயில் கல்லாகத்தான் உருண்டது. எங்கள் ஆசிரியர் அத்தியாயங்களை உரத்த குரலில் வாசிப்பார். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்த ஆங்கிலச் சொல் வரும்போதெல்லாம், புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக, தயங்காமல் வாசித்துவிட்டுப் போவார். எனக்கு முன்வரிசையில் ஜமைக்காவிலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். சொல் வரும் ஒவ்வொரு முறையும் வகுப்பில் நாலைந்து தலைகள் அவன் பக்கம் திரும்பும். அவன் நிமிரமாட்டான். நான் பின்னால் இருந்ததால் அவன் பிடரியை மட்டும்தான் பார்த்தேன். அது இறுகுவதைப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்குப் பொருள் தேடி என்னிடம் இருந்த ஆங்கில–தமிழ் அகராதியைப் புரட்டினேன். அதில் இருந்த விளக்கத்தில் இழிவு எதுவும் தெரியவில்லை. அவன் பிடரியிலிருந்துதான் அதன் பொருளை நான் கற்றேன். மூன்றாவது வாரத்திலிருந்து வாசிப்பு நாட்களில் அவன் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஆசிரியர் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகையால், 'இந்தப் புத்தகத்தால் என் பிள்ளை நொந்தாள்' என்று ஒரு கறுப்பினப் பெற்றோர் உங்களிடம் வந்து சொல்லியிருந்தால், அதை நான் முழுமையாக நம்புகிறேன். அந்தக் கவலைக்கு நீங்கள் செவிசாய்த்ததையும் நான் குறைசொல்ல மாட்டேன். நான் ஏற்க மறுப்பது, 1995இல் எங்கள் வகுப்பில் நடந்த தவறுக்கு உரிய பரிகாரத்தை, அந்தத் தவறைச் செய்யாத ஒரு வகுப்பின் மீது நீங்கள் சுமத்தியிருப்பதை.

என் மகளின் ஆசிரியை எப்படிக் கற்பித்தார் என்பதை வீட்டுக்கு வந்த குறிப்பேட்டிலிருந்தே சொல்கிறேன். நாவலைத் திறப்பதற்கு முன் நான்கு பாடவேளைகளை அவர் அதன் காலத்துக்காகவே ஒதுக்கியிருந்தார். பொது இடங்களில் கறுப்பினத்தவரை 'தனியாக ஆனால் சமமாக' வைத்திருக்கலாம் என்று 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அதன் நிழலில் தென்மாநிலங்களில் பள்ளி, பேருந்து, தண்ணீர்க் குழாய் வரை நீண்ட ஜிம் குரோ என்ற இனப் பிரிவினைச் சட்டங்கள், 1931இல் அலபாமாவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது புனையப்பட்ட ஸ்கொற்ஸ்பரோ வழக்கு, பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆகிய எல்லாம் அந்தக் குறிப்பேட்டில் இருக்கின்றன. நாவல் வெளியானது 1960 ஜூலையில். அதே ஆண்டு நவம்பரில் நியூ ஓர்லியன்ஸ் நகரில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளியொன்றுக்கு மத்திய அரசின் காவலர்கள் சூழ நடந்து போனாள் என்று என் மகள் தன் கையால் எழுதி, பக்கத்தில் 'ஸ்கவுட் பள்ளிக்குப் போன வயது' என்று அம்புக்குறி போட்டிருக்கிறாள். இழிசொல்லை யாரும் வாய்விட்டு வாசிக்கக் கூடாது என்று வகுப்பே கூடி முடிவெடுத்திருந்தது. வாசிக்க விரும்பாத பகுதியை முன்கூட்டியே சொல்லிவிட்டு விலகி இருக்கவும் இடம் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பையனுக்கு இதில் பாதியாவது கிடைத்திருக்க வேண்டும்.

12ஆம் அத்தியாயம் நடந்த நாளன்று என் மகள் வீட்டுக்கு வந்து என்னைத் தேவாரம் பாடச் சொன்னாள். நான் விளங்காமல் விழித்தேன். அந்த அத்தியாயத்தில், ஸ்கவுட்டின் குடும்பமான ஃபின்ச் வீட்டில் வேலைசெய்யும் கறுப்பினப் பெண் கல்பூர்னியா, ஸ்கவுட்டையும் அவள் அண்ணன் ஜெம்மையும் தன் தேவாலயத்துக்கு அழைத்துப் போகிறாள். அங்கே பாடல் புத்தகங்கள் இல்லை. இருந்தாலும் வாசிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். ஆகவே கல்பூர்னியாவின் மகன் ஸீபோ ஒவ்வொரு வரியாக முன்னால் சொல்ல, சபை பின்னால் பாடுகிறது. எங்கள் கோயிலில் ஓதுவார் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்வது போலவா என்று என் மகள் கேட்டாள். போல என்றுதான் நானும் சொன்னேன். பிறகு அவளே சொன்னாள்: 'இல்லை அம்மா, எங்களுக்குப் புத்தகம் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. அவையளுக்குப் பள்ளிக்கூடமே இருக்கேல்லை.' பள்ளி இல்லாத ஊரில், பைபிளையும் ஒரு பழைய சட்ட நூலையும் வைத்துத் தன் மகனுக்கு எழுத்தறிவித்த தாய் கல்பூர்னியா. இனப் பிரிவினை என்றால் என்ன என்பதை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை வரைவிலக்கணமாக மனப்பாடம் செய்வதற்கும், இப்படித் தானே கண்டுபிடிப்பதற்கும் உள்ள தூரம் கல்வித்துறையில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த வகுப்பைத்தான் நீங்கள் பாதியில் நிறுத்தினீர்கள்.

இந்த நாவலைப் பற்றி எழும் எதிர்ப்புகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். 2017இல் மிசிசிப்பி மாநிலத்தின் பிலொக்ஸி நகரில், அதன் மொழி சங்கடம் தருகிறது என்ற முறைப்பாட்டின் பேரில் அது எட்டாம் தரப் பாடத்திலிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எங்கள் ஒன்ராறியோவிலேயே, பீல் கல்விச் சபை வேறு வழியில் போனது: கற்பிப்பதானால் கறுப்பின மாணவர்கள் அதை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதை மையத்தில் வைத்து, ஒடுக்குமுறையைக் கேள்வி கேட்கும் பார்வையோடுதான் கற்பிக்க வேண்டும் என்று ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தியது. அந்த அறிவுறுத்தலில் நான் முழுவதும் உடன்படுகிறேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அது விவாதத்துக்கு உரிய ஒரு நிலைப்பாடு, கையெழுத்திட்டுச் சொல்லப்பட்ட ஒரு நிலைப்பாடு. நீங்கள் எடுத்ததற்கு அப்படியொரு முகம் இல்லை.

உங்கள் முடிவால் யாரைக் காப்பாற்றினீர்கள் என்று எண்ணிப் பார்க்கும்போது எனக்கு என் மகளின் தோழி ஒருத்தி நினைவுக்கு வருகிறாள். ஜமைக்கா வழிவந்த குடும்பத்துப் பெண். அவளும் அவள் தாயும் சம்மதித்ததால் இதை எழுதுகிறேன். அவளுக்கு இந்த நாவல் பிடிக்கவில்லை. முழுவதையும் அவள் முன்பே, கோடை விடுமுறையில், வாசித்து முடித்திருந்தாள். வகுப்பு வாசிப்பின் முடிவில் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது; அவள் தேர்ந்த இடம் நீதிமன்றத்தின் மாடி. கறுப்பின மக்கள் அமர அனுமதிக்கப்பட்ட ஒரே இடம் அந்த மாடி. அங்கே வந்து சேரும் வெள்ளைப் பிள்ளைகளுக்காக முன்வரிசையில் இருந்த நான்கு கறுப்பினத்தவர் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். வழக்கில் தோற்ற பின், ரொம் றொபின்சனுக்காக வாதாடிய வழக்கறிஞரும் ஸ்கவுட்டின் தந்தையுமான அற்றிக்கஸ் வெளியேறும்போது அந்த மாடியே அவருக்காக எழுந்து நிற்கிறது. 'என் ஆட்கள் இந்தப் புத்தகத்தில் எழுந்து நிற்பதைத் தவிர வேறென்ன செய்கிறார்கள்? வீட்டுக்குப் போன பிறகு அவர்கள் என்ன பேசினார்கள்? ரொம்மின் மனைவி ஹெலன் றொபின்சன் அன்றிரவு பிள்ளைகளுக்கு என்ன சொன்னாள்? அதை ஏன் யாரும் எழுதவில்லை?' இதுதான் அவள் கேட்கவிருந்த கேள்வி. நான் இந்த நாவலைப் பற்றி முப்பது ஆண்டுகளில் வாசித்த எந்தக் கட்டுரையையும்விட இந்தக் கேள்வி என்னைக் கூடுதலாக உலுக்கியது. அந்தப் பத்து நிமிடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் பெயரால் எடுக்கப்பட்ட ஒரு முடிவு, அவளிடம் ஒரு சொல்லும் கேட்காமல், அவள் வாயை மூடியிருக்கிறது. அவள் தாய் என்னிடம் சொன்னார்: 'இந்தப் புத்தகம் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவேயில்லை.'

பெட்டி போன அன்று மாலையே என் மகள் பொது நூலகத்திலிருந்து ஒரு பிரதியை எடுத்து வந்தாள். மீதி அத்தியாயங்களை நாங்கள் இருவரும் சமையலறை மேசையில் வைத்து வாசித்தோம். இரவு வேலைக்குப் போகாத நாட்களில் ஒரு அத்தியாயம், சில நாட்களில் இரண்டு. ரொம் றொபின்சனின் இடக்கை சிறுவயதில் பருத்தி ஆலை இயந்திரத்தில் சிக்கிச் செயலற்றுப் போனது என்பதும், அந்தப் பெண்ணின் முகத்தில் வலப்பக்கம் விழுந்த அடி இடக்கைக்காரன் அடித்தது என்பதும் வெளிப்படையாகத் தெரிந்த பிறகும், குற்றவாளி என்று தீர்ப்பு வந்தபோது என் மகள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். சிறையிலிருந்து தப்ப முயன்றபோது அவன் உடலில் பாய்ந்த குண்டுகள் பதினேழு என்ற இடத்தை நான்தான் வாசித்தேன்.

அந்த மாடியைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, கைப்பையிலிருந்து ஒரு பத்து டொலர்த் தாளை எடுத்து அவள் முன் வைத்தேன். 2018 முதல் அந்தத் தாளில் இருப்பவர் வயோலா டெஸ்மண்ட். 1946 நவம்பர் 8ஆம் திகதி, நோவா ஸ்கோசியா மாகாணத்தின் நியூ கிளாஸ்கோ நகரத் திரையரங்கொன்றில், கறுப்பினத்தவர் மாடிக்குத்தான் போக வேண்டும் என்ற வழக்கத்தை ஏற்காமல் கீழே அமர்ந்ததற்காக அவர் இழுத்துச் செல்லப்பட்டு இரவு முழுவதும் சிறையில் வைக்கப்பட்டார். கீழ்த்தளச் சீட்டுக்கும் மாடிச் சீட்டுக்கும் இடையே இருந்த ஒரு சத வரியை ஏய்த்தார் என்பதே அவர் மீது போடப்பட்ட வழக்கு. 20 டொலர் அபராதமும் 6 டொலர் செலவுத் தொகையும் கட்டினார். அவர் இறந்தது 1965இல். மாகாண அரசு மன்னிப்பு அளித்தது 2010இல். நாவலில் வரும் அலபாமா வழக்கு 1935இல் நடக்கிறது; அதற்குப் பதினோராண்டு கழித்து, இந்த நாட்டில், அதே மாடி.

'இது அமெரிக்காவின் கதை, எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு' என்று பேரவையில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். ஒன்ராறியோவில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகளை அனுமதித்த சட்டம் 1850இல் வந்தது. அது சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது 1964இல்தான். அதுவும் மாகாணச் சட்டமன்றத்தின் முதலாவது கறுப்பின உறுப்பினரான லெனர்ட் பிரெய்த்வெய்ட் தன் கன்னிப் பேச்சில் அதை எடுத்துச் சொன்ன பிறகு. மாகாணத்தின் கடைசித் தனிப் பள்ளி, கொல்செஸ்டர் சவுத் என்ற ஊரில், 1965இல் மூடப்பட்டது. நோவா ஸ்கோசியாவில் அதற்கு 1983 வரை பொறுக்க வேண்டியிருந்தது. 1983 என்ற ஆண்டு எங்கள் வீடுகளில் வேறொரு காரணத்துக்காக நினைவில் நிற்பது. அதே ஆண்டில் இந்த நாட்டில் இதுவும் நடந்துகொண்டிருந்தது என்பதை நான் அறிந்தது நாற்பது வயதுக்குப் பிறகு. எனக்கு எந்தப் பள்ளியும் அதைச் சொல்லித் தரவில்லை. என் மகளின் ஆசிரியை, நாவலுக்கு அடுத்த அலகாக இதைத்தான் வைத்திருந்தார். பெட்டியோடு அதுவும் போய்விட்டது.

பெற்றோர் பேரவையில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இனி எழுதுவது கொஞ்சம் கசப்பானது. உங்களில் சிலர் இந்த முடிவை வரவேற்றீர்கள். நாவலில் பலாத்கார வழக்கு வருகிறது, பெண்பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் இது வேண்டாம் என்று ஒருவர் எங்கள் பெற்றோர் குழுவில் எழுதினார். கறுப்பர்–வெள்ளையர் சண்டைக்குள் நாங்கள் ஏன் போக வேண்டும் என்று இன்னொருவர். முதலாவதற்கு ஒரு வார்த்தை: பத்தாம் தரத்தில் இருக்கும் எங்கள் பெண்பிள்ளைகளின் கைப்பேசியில் வருவதைவிட இந்த நாவல் எத்தனையோ மடங்கு கண்ணியமானது. இரண்டாவதற்குக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

26ஆம் அத்தியாயத்தில் மிஸ் கேற்ஸ் என்ற ஆசிரியை வருகிறார். ஜேர்மனியில் ஹிட்லர் யூதர்களைத் துன்புறுத்துவதைப் பற்றி வகுப்பில் மிகுந்த ஆவேசத்தோடு பேசி, எங்கள் நாட்டில் யாரையும் நாங்கள் அப்படி நடத்துவதில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார். அதே ஆசிரியை, ரொம் றொபின்சனின் தீர்ப்பன்று நீதிமன்றப் படிகளில் இறங்கும்போது, இவர்களுக்கு யாராவது பாடம் படிப்பிக்க வேண்டியதுதான் என்று பேசியதை ஸ்கவுட் கேட்டிருக்கிறாள். எங்கோ இருக்கும் யூதர்களுக்காக இரங்குகிறவர், தன் ஊரார் மீது எப்படி இவ்வளவு வெறுப்பு வைக்க முடியும் என்பது அந்தச் சிறுமிக்கு விளங்கவில்லை. இந்த இடத்தில் என் மகள் வாசிப்பதை நிறுத்தினாள். கறுப்பின மக்களைக் குறிக்க எங்கள் வீடுகளில், சாப்பாட்டு மேசையில், சிரித்துக்கொண்டே புழங்கும் ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லி, 'மாமாவும் இப்படித்தானே கதைக்கிறவர்?' என்று கேட்டாள். அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. இதை வாசிக்கும் ஈழத் தமிழர் எவருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவளுடைய மாமா, என் அண்ணன், ஆண்டுதோறும் ஜூலையில் 1983ஐப் பற்றி மேடையில் கண்கலங்கப் பேசுகிறவர். நான் பதில் சொல்லாமல் இருந்தேன். அப்படிப் பேசும்போது நான் ஒருநாளும் அவரைத் தடுத்ததில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

பிறகு என் அம்மம்மா சொன்ன ஒன்றை நான் அவளுக்குச் சொன்னேன். அம்மம்மா சிறுமியாக இருந்த 1930களில், யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் வாங்கில் இருப்பதில்லை. சாதியில் தாழ்த்தப்பட்டவர்களின் பிள்ளைகள் நிலத்தில் இருத்தப்பட்டார்கள். அந்தக் காலத்தில்தான் அரச உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. அதைப் பொறுக்காமல் பாடசாலைக் கட்டடங்களுக்குத் தீ வைத்தவர்கள் வேறு நாட்டவர்கள் அல்லர். அம்மம்மா வாங்கில் இருந்தவர். நிலத்தில் இருந்த பிள்ளைகளைப் பற்றி அவர் சொன்னபோது, மழை பெய்ததைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். அலபாமாவின் நீதிமன்ற மாடி எங்களுக்குத் தொடர்பில்லாத இடம் என்று சொல்கிற உரிமை எங்களுக்கு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை என் வீட்டுக்குள் கொண்டுவந்தது அந்த நாவல். அதை வகுப்பில் கேட்டிருந்தால், இருபத்தைந்து வீடுகளில் இருபத்தைந்து விதமாகப் பேச்சு நடந்திருக்கும்.

இந்த முடிவை நூலக எரிப்போடு ஒப்பிட்டு என் நண்பர்கள் சிலர் பேசினார்கள். நான் அப்படி ஒப்பிடமாட்டேன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எனக்கு, வெறுப்பால் எரிப்பதும் பயத்தால் அலமாரியில் பூட்டுவதும் ஒன்றல்ல என்று தெரியும். உங்கள் நோக்கத்தில் கெடுதல் இருந்ததாக நான் கருதவில்லை. முறைப்பாடு ஒன்று வந்தது, வம்பு வேண்டாம் என்று பெட்டியை அனுப்பினீர்கள் என்றே கருதுகிறேன். 1966இல் வேர்ஜினியாவின் ஹனோவர் மாவட்டக் கல்விச் சபை இந்த நாவலை ஒழுக்கக்கேடு என்று அகற்ற முனைந்தபோது, அந்தச் சபையினரை முதலாம் வகுப்பில் சேர்ப்பதற்காகச் சிறு தொகையொன்றைப் பத்திரிகைக்கு அனுப்பிவைத்தார் ஹார்ப்பர் லீ. எனக்கு அந்தக் கிண்டல் வரவில்லை. அதனால் கேட்க வேண்டியதை நேராகக் கேட்கிறேன்.

சேகரிக்கப்பட்ட பிரதிகளை இந்தப் பருவம் முடிவதற்குள் அந்த வகுப்புக்குத் திருப்பிக் கொடுங்கள். 16ஆம் அத்தியாயத்திலிருந்து மீதியை வாசிக்கவும், தயாரித்து வைத்த உரைகளை நிகழ்த்தவும் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். வாசிக்க விரும்பாத மாணவர் யாராக இருந்தாலும், மதிப்பெண் குறையாமல் வேறு நூலைத் தேர்ந்துகொள்ள அனுமதியுங்கள். ஆசிரியை மீது இதன் காரணமாக எந்தக் குறிப்பும் பதிவாகியிருந்தால் அதை நீக்கி, அவருக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

அடுத்த ஆண்டிலிருந்து இந்த நாவலைத் தனியாகக் கற்பிக்காதீர்கள் என்றும் கேட்கிறேன். என் மகளின் தோழி கேட்ட கேள்விக்கு அந்த நாவலுக்குள் பதில் இல்லை. அதே 1930களில், பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில், ஒரு கறுப்பினக் குடும்பத்துச் சிறுமி சொல்லும் கதையாக மில்ட்ரெட் டெய்லர் 1976இல் எழுதிய 'ரோல் ஒஃப் தண்டர், ஹியர் மை கிரை' நாவலை இதனோடு சேர்த்து வையுங்கள். வெள்ளைப் பிள்ளைகள் பல ஆண்டுகள் பயன்படுத்திக் கிழிந்த பின் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் பாடப்புத்தகத்தின் உள்ளட்டையில், புத்தகத்தின் நிலைமையும் அதைப் பெற்றவரின் இனமும் வரிசையாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டு ஒரு சின்னப் பையன் அதைத் தரையில் எறிந்து மிதிக்கும் காட்சி அதன் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. இரண்டு நாவல்களோடு வயோலா டெஸ்மண்டையும் ஒன்ராறியோவின் தனிப் பள்ளிகளையும் கட்டாய அலகாக்குங்கள். அந்த அலகை வடிவமைக்கும் குழுவில் கறுப்பின ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எந்தச் சொல்லை வகுப்பில் வாய்விட்டு வாசிக்கக் கூடாது என்ற விதியையும் அவர்களே எழுதட்டும்.

வகுப்பில் இருக்கும் ஒரு நூலைப் பற்றி முறைப்பாடு வந்தால் பின்பற்ற வேண்டிய நடைமுறையை எழுத்தில் வெளியிடுங்கள்: யார் முடிவெடுப்பது, எத்தனை நாளில், எந்தக் காரணத்தோடு, யாரைக் கேட்ட பிறகு என்பன அதில் இருக்க வேண்டும். முடிவு வரும் வரை நூல் பிள்ளைகளின் கையிலேயே இருக்க வேண்டும்.

பெற்றோர் பேரவையின் ஜனவரிக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுத்து, மாணவர்களையும் பேச அழையுங்கள். தமிழ்ப் பெற்றோர்கள் அந்தக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன். குழுவில் எழுதியதை எழுந்து நின்று, அந்தப் பிள்ளைகள் முன்னிலையில் சொல்லுங்கள். நானும் வருகிறேன், என் அண்ணனையும் அழைத்து வருகிறேன்.

பருவம் ஜனவரி இறுதியில் முடிகிறது. அதற்கு முன் பதிலை எதிர்பார்க்கிறேன். தமிழில் அனுப்பினாலும் சரி, ஆங்கிலத்தில் அனுப்பினாலும் சரி, நாவலின் பெயரையும் 'கறுப்பின' என்ற சொல்லையும் தவிர்க்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பத்தாம் தர மாணவி ஒருத்தியின் தாய்